சுருதி, சுதம், ஷெமா: மூன்று சமய மரபுகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவருக்கு

உயர்தரத்தில் இந்து நாகரிகத்துக்கு 'ஏ' சித்தி எடுத்த பிள்ளைகள், இசட் புள்ளி வெளியான சில நாட்களில், கல்லடியிலும் காரைதீவிலும் களுவாஞ்சிகுடியிலும் இருந்து வந்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சமயத்தைப் பல்கலைக்கழகத்தில் எடுத்தால் என்ன படிக்க வேண்டியிருக்கும்? வேலை கிடைக்குமா என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிற்கும். அதைப் பெற்றோர் கேட்பார்கள். முதற்கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடையை, இந்து, பௌத்த, யூத மரபுகளைச் சேர்த்துப் படிக்க எண்ணுவோரை மனத்திற்கொண்டு, இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையில் நமக்குப் புள்ளி தந்த பழக்கம் ஒன்றை முதல் ஆண்டிலேயே விட்டுவிட வேண்டும். சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருள்கள் யாவை என்றால் பதி, பசு, பாசம் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவோம். பல்கலைக்கழகம் அந்த இடத்தில் தொடங்குகிறது. இதைச் சொன்னவர் யார், எந்த நூலில் சொன்னார், யாருக்கு மறுமொழியாகச் சொன்னார் என்று அது கேட்கும். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அமைத்தார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், தம் கொள்கையைச் சொல்வதற்கு முன்னர் உலகாயதரையும் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் சமணரையும் பிறரையும் வரிசையாக நிறுத்தி, அவரவர் கூற்றை எடுத்துரைத்து மறுக்கிறார். அந்த நான்கு பிரிவினருள் ஒருவரான சௌத்திராந்திகர் என்போர் யார் என்று தெரியாத ஒருவர் பரபக்கத்தைப் படித்தால் மறுப்பு மட்டும் காதில் விழும். மறுக்கப்பட்டது என்ன என்பது விளங்காது. பௌத்தம் படிக்காமல் சைவ சித்தாந்தத்தை முழுமையாகப் படிக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை ஒருமுறை வாசித்தவருக்கு, பிறர் சமயத்தை அவரவர் வாயாலேயே கேட்பது தமிழுக்குப் பழைய வழக்கம் என்பது விளங்கும்.

அப்படியானால் யூத மரபு எதற்கு? ஒரே முற்றத்தில் வளர்ந்த இரண்டு மரபுகளை மட்டும் ஒப்பிடும்போது, இரண்டுக்கும் பொதுவாக உள்ளவை கண்ணில் படுவதில்லை. வினை, மறுபிறப்பு, வீடு என்ற சொற்களைச் சைவரும் பௌத்தரும் வெவ்வேறாக விளக்குவார்கள். ஆனால் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அந்த இடத்தில் தொடங்காத ஒரு மரபை, அதாவது ஒரு மக்களுக்கும் இறைவனுக்கும் இடையிலான உடன்படிக்கையையும் 613 கட்டளைகளையும் அவற்றைப் பற்றிய முடிவில்லாத விவாதத்தையும் நடுவில் வைத்த ஒரு மரபை, பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நம்முடைய தொடக்கப்புள்ளியும் ஒரு தெரிவே என்று புலப்படும். பிற்காலத்தில் யூதரின் கபாலா என்னும் மறைஞான மரபிலும் மறுபிறப்புக் கருத்து நுழைந்தது என்பதை மூன்றாம் ஆண்டில் அறியும்போது இந்தப் பத்தியைத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்து நாகரிகத்தை வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். பாளியும் பௌத்தமும் பேராதனையிலும் களனியிலும் வலுவாக உள்ளன. யூத மரபைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்புபவர், முதற்பட்டத்தில் ஏதேனும் ஒரு சமயத் துறையில் காலூன்றிக்கொண்டு, முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டை நோக்குவதே நடைமுறைக்கு ஒத்த வழி. முதலாம் ஆண்டில் எடுக்கும் பாடங்களே பின்னர் சிறப்புக் கற்கைக்கு வாய்ப்பைத் தீர்மானிக்கும் என்பதால், நண்பர் எடுத்தார் என்பதற்காகப் பாடத்தைத் தெரிவுசெய்யாமல், பீடத்தின் கைநூலை முழுவதும் வாசித்த பின் படிவத்தை நிரப்புங்கள்.

கேட்டுப் படித்தல்

மூன்று மரபுகளுக்கும் நுழைவாயிலாக நான் மாணவருக்குக் கொடுப்பது மூன்று சொற்கள். வேதத்துக்குச் சுருதி என்று பெயர். கேட்கப்பட்டது என்பது பொருள். பாளிச் சூத்திரங்கள் 'ஏவம் மே சுதம்' என்று தொடங்கும். 'இவ்வாறு நான் கேட்டேன்' என்பது பொருள். யூதர் காலையிலும் மாலையிலும் ஓதும் ஷெமா, பைபிளின் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் 'இஸ்ரவேலே, கேள்' என்று வரும் வாக்கியத்தில், எபிரேயத்தில் முதலில் நிற்கும் 'கேள்' என்ற சொல்லையே பெயராகக் கொண்டது. மூன்றும் செவியில் தொடங்குகின்றன. வேதத்தை 'எழுதாக் கற்பு' என்று குறுந்தொகை சொல்கிறது. தமிழில் கேள்வி என்ற சொல்லோ கேட்டறிதலையும் வினாவையும் ஒருங்கே குறிப்பது. ஆகவே இந்த வாசல் நமக்குப் புதியதன்று.

ஆனால் இந்த ஒற்றுமையை அப்படியே கட்டுரையில் எழுதிவைத்தால் விரிவுரையாளர் சிவப்பு மையால் சுழிப்பார், சுழிக்கவும் வேண்டும். யார் சொல்லக் கேட்டது என்ற இடத்தில் மூன்றும் பிரிகின்றன. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாஞ்சகருக்கு வேதத்தைச் சொன்னவர் எவருமில்லை. அது ஆக்கியோன் இல்லாதது. சைவருக்கோ அதை அருளியவன் சிவன். 'நான் கேட்டேன்' என்பதிலுள்ள 'நான்', புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் என்பது பௌத்த மரபு. அங்கே கேட்டவருக்குப் பெயருண்டு, கேட்ட ஊருக்கும் பெயருண்டு. ஷெமாவில் கேட்கும்படி கட்டளையிடப்படுவது ஒரு மக்கள் கூட்டம் முழுவதும். முதலில் ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து, பின்னர் அதே இடத்தில் நின்று வேற்றுமையைத் தேடுவதுதான் ஒப்பியல் படிப்பின் அன்றாட வேலை.

மூலத்தைக் கேட்ட பின் உரைக்குப் போக வேண்டும். இங்கே தமிழ் படித்த மாணவருக்குப் பெரியதொரு வசதி உண்டு என்பது என் உறுதியான கருத்து. பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் உயர்தரத்தில் ஓரளவேனும் தொட்டவர், ஒரு நூல் என்பது மூலம் மட்டுமன்று, மூலத்தோடு நடந்துவந்த உரைகளும் சேர்ந்ததே என்பதைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று நன்னூல் சொல்லும் காண்டிகையுரையின் உறுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, யூதரின் சட்ட விவாத நூலான தல்மூத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பக்கத்தின் நடுவே மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பின் சிறுபகுதி இருக்கும், அது கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கெமாரா என்னும் விவாதம் வரும். பக்கத்தின் உள்ளோரத்தில், அதாவது தைத்த பக்கமாக, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை ஓடும். வெளியோரத்தில் ராஷியின் பேரர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் எழுதிய தோசபோத் என்னும் மேலுரை ஓடும். நடுவில் மூலமும் சுற்றிலும் உரைகளுமாக, நான்கு காலத்தவர் ஒரே தாளில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மிஷ்னாவின் முதல் நூலான பெராகோத்தின் தொடக்க வினா இது: மாலையில் ஷெமாவை எந்நேரம் முதல் ஓதலாம்? குருமார் தமக்குரிய காணிக்கை உணவை உண்ண உள்ளே போகும் நேரம் முதல் என்று மிஷ்னா விடை சொல்கிறது. எதுவரை? முதற்சாமம் முடியும்வரை என்கிறார் ரபி எலியேசர். நள்ளிரவுவரை என்கிறார்கள் அறிஞர்கள். வைகறைவரை என்கிறார் ரபான் கமாலியேல். அந்தக் கமாலியேலின் புதல்வர்கள் ஒருநாள் விருந்து முடிந்து நேரங்கழித்து வீட்டுக்கு வந்து, 'நாங்கள் இன்னும் ஷெமா ஓதவில்லை' என்கிறார்கள். கிழக்கு வெளுக்கவில்லையாயின் ஓதத்தான் வேண்டும் என்று தந்தை சொல்லிவிடுகிறார். சட்டநூல் திடீரென்று ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. அடுத்ததாகக் கெமாரா, காலையை விட்டு மாலையை முதலில் வைத்தது என்னை என்று கேட்டு, 'படுக்கும்போதும் எழும்பும்போதும்' என்ற வேதவாக்கியத்தின் வரிசையைக் காரணமாகக் காட்டுகிறது. நம் உரையாசிரியர்கள் 'என்பது என்னையெனின்' என்று எழுப்பும் தடையும் அதற்குச் சொல்லும் விடையும் இதே நடையில் போவதை, சிவஞானபோதத்தின் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற அமைப்போடு அருகருகே வைத்து ஒரு மாலை முழுவதும் படியுங்கள். ஒருவராகப் படிக்க வேண்டாம். தல்மூத்தை இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் தடை சொல்லிப் படிப்பது யூதரின் வழக்கம். விடுதி அறையில் உங்களோடு தங்கியிருப்பவர் கணக்கியல் படிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் கேட்கும் கேள்விகள் சில வேளை மிக நல்ல தடைகளாக அமையும்.

'பழைய ஏற்பாடு' என்னும் வழுக்கல்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். யூத மரபைப் பற்றி நான் எழுதிய முதல் ஒப்படையை, வீட்டிலிருந்த தமிழ்ப் பைபிளை வைத்துக்கொண்டு இரண்டு இரவில் எழுதி முடித்தேன். திரும்பி வந்தபோது முதற்பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது: 'இது யூதரைப் பற்றியதன்று, கிறிஸ்தவர் யூதரைப் பற்றி எண்ணுவது.' அன்று கோபம் வந்தது. இன்று அதே வரியை நான் பிறருடைய ஒப்படைகளில் எழுதுகிறேன்.

பழைய ஏற்பாடு என்ற பெயரே, புதிய ஏற்பாடு ஒன்று வந்துவிட்டது என்று நம்புவோர் வைத்த பெயர். யூதருக்கு அது தோரா, இறைவாக்கினர், எழுத்துகள் என்னும் முப்பகுதிகளின் எபிரேயப் பெயர்களது முதலெழுத்துகளால் தனாக் எனப்படும்; அதில் 24 நூல்கள். புரட்டஸ்தாந்தரின் பழைய ஏற்பாட்டில் அதே உள்ளடக்கம் 39 நூல்களாகப் பிரிந்திருக்கும், வரிசையும் வேறு. கிறிஸ்தவ வரிசை, வரப்போகிறவரை நோக்கி நிற்கும் மல்கியாவோடு முடிகிறது. தனாக் நாளாகமத்தோடு, எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்ற பாரசீக மன்னனின் அறிவித்தலோடு முடிகிறது. நூல்கள் அவையே, அடுக்கிய கைதான் வேறு. இன்னொன்று: இறைவனின் திருப்பெயரை யூதர் வாய்விட்டு உச்சரிப்பதில்லை, ஓதும்போது 'அதோனாய்' என்றும் பேச்சில் 'ஹஷேம்', அதாவது 'அந்தப் பெயர்', என்றும் சொல்வார்கள். 'யெகோவா' என்று பக்கத்துக்குப் பத்துமுறை எழுதிய என் ஒப்படையை அவர்களில் ஒருவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது எண்ணிக் கூசுகிறேன்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின் பலியும் குருமாரும் இல்லாமற்போன ஒரு சமயம், ஓதலையும் சட்டத்தையும் படிப்பையும் கொண்டு எப்படித் தன்னை மறுபடி கட்டிக்கொண்டது என்பதே யூத மரபைப் படிப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய வரலாறு. அது பைபிளில் இல்லை, மிஷ்னாவிலும் தல்மூத்திலும் இருக்கிறது. இந்த மரபு நமக்குத் தொலைவானது என்றும் எண்ண வேண்டாம். கொச்சி யூதர் போற்றிவந்த செப்பேடு, கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளை வட்டெழுத்தில் சொல்கிறது; மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடம் 1568ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நம் மாவட்டங்களில் இதைப் படிக்கிறவர் இன்னுமொரு அவதானத்தோடு இருக்க வேண்டும். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் இஸ்ரேலிய இளைஞரைப் பார்த்து யூத சமயத்தை எழுதக் கூடாது. பலஸ்தீனச் செய்திகளைப் பார்த்தும் எழுதக் கூடாது. யூதர், இஸ்ரேலியர், சியோனிசம் ஆகிய மூன்றும் மூன்று சொற்கள். முஸ்லிம் அயலவர் மனம் நொந்திருக்கும் காலத்தில் தல்மூத் புத்தகத்தோடு பஸ்ஸில் போகும் மாணவரிடம் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கப்படலாம். ஒரு மரபைப் படிப்பது ஓர் அரசுக்குச் சார்பு சொல்வதன்று என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் ஒப்படையிலும் அந்தக் கோடு அழியாமல் இருக்கட்டும்.

மொழி

மூன்று மொழிகளையும் ஒன்றாகத் தொடங்குபவர் மூன்றையும் கைவிடுவார். ஒன்றைத் தெரிந்தெடுத்து இரண்டு ஆண்டு விடாமல் படியுங்கள். சமஸ்கிருதமா பாளியா என்று தடுமாறுபவருக்கு நான் பாளியைச் சொல்வேன். இலக்கணம் எளிது, 423 செய்யுள்கள் கொண்ட தம்மபதத்தை ஓராண்டில் மூலத்திலேயே வாசிக்க முடியும், அந்த மகிழ்ச்சி அடுத்த மொழிக்கு இழுத்துச் செல்லும்.

பாளியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். தமிழில் 'பால' என்று எழுதினால் காப்பவன் என்ற பொருளில் வரும் சொல்லும் மூடன் என்ற பொருளில் வரும் சொல்லும் ஒன்றாகிவிடும்; பாளியில் முன்னதன் முதலெழுத்து வல்லோசை, பின்னதன் முதலெழுத்து அதிர்வோசை. தம்மபதத்தின் ஐந்தாம் வர்க்கம் மூடரைப் பற்றியது. அதைக் காவலரைப் பற்றியது என்று எழுதிய மாணவர் ஒருவரை நான் அறிவேன். சிங்கள எழுத்தைக் கற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும், நூலகத்திலுள்ள பாளி நூல்களில் பெரும்பகுதியும் திறக்கும். ரோமன் எழுத்தில் குறியிட்டு எழுதும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள்.

எபிரேயத்துக்கு 22 எழுத்துகள், வலமிருந்து இடம். தோராச் சுருளில் உயிரொலிக் குறிகள் இல்லை. வாசிப்பவர் அவற்றை முன்னரே கேட்டுப் பாடமாக்கியிருக்க வேண்டும். சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கும்: ஷ், ல், ம் என்ற வேரிலிருந்து ஷாலோம் என்றால் அமைதி, ஷாலேம் என்றால் முழுமையானது, ஷில்லேம் என்றால் கடனைக் கொடுத்துத் தீர்த்தான். பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகிய நமக்கு, உயிர்கள் வேருக்கு உள்ளேயே மாறுவது முதலில் குழப்பம் தரும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ அறபு ஓதிய நண்பர் ஒருவர் இருந்தால் அவரிடம் அரைமணி நேரம் கேளுங்கள். ஸலாம் என்ற சொல்லைக் கொண்டே இந்த வேலையை அவர் காட்டித்தந்துவிடுவார். பைபிளில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை' என்று அறிஞர் பலர் கருதுவர். இதை அறிந்ததும் ஒப்படை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடும் ஆசை நம்மவர் எல்லோருக்கும் வரும்; ஓர் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊரில் செய்யும் களப்பணி

ஏட்டில் உள்ளதை மட்டும் சமயம் என்று எழுதினால் மட்டக்களப்பாருக்கே அது பொய்யென்று தெரியும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கதவு திறக்கும் நாளிலிருந்து குளிர்த்தி பாடும் இரவுவரை இருந்து பாருங்கள். ஆகமங்கள் 28 என்று படித்த அறிவு அங்கே பாதி தூரம்தான் வரும். கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனைச் சிலப்பதிகாரம் கண்ணகி விழாவோடு சேர்த்துப் பேசுகிறது. அதே தெய்வத்தைச் சிங்கள பௌத்தர் பத்தினி என்று வணங்குகிறார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூலொன்றை வெளியிட்டார். மண்டூரில் வாய்கட்டிப் பூசை செய்யும் கப்புகனாரின் பெயரும், சிங்களத் தேவாலயங்களின் பூசகரான கப்புராளை என்ற பெயரும் உறவானவை. இந்து, பௌத்தம் என்று பாடத்திட்டம் இரண்டு பெட்டிகளாக வைத்தவை இங்கே ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

போவதற்கு முன் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் அனுமதி கேளுங்கள். துடக்கு நாட்களில் போகாதீர்கள். எந்தக் குடிக்கு என்ன உரிமை என்று முதல்நாளே விசாரிக்கத் தொடங்காதீர்கள், அது வழக்கில் முடியும். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு கோயிலில் கண்ணகி வழக்குரை பாடிக்கொண்டிருந்தபோது வேப்பமரத்தடியில் கொப்பியை விரித்து விறுவிறென்று எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த முதியவர் மெல்லத் தோளில் தட்டி, "மனே, நீ கேக்க வந்தயா, எழுத வந்தயா?" என்றார். கொப்பியை மூடினேன். அன்றிலிருந்து கோயிலில் கேட்பதும், வீட்டுக்கு வந்தவுடன், நித்திரை எவ்வளவு வந்தாலும், விளக்கடியில் இருந்து எழுதுவதுமே என் முறை. காலையில் எழுதலாம் என்று விட்டால் பாடலின் வரிசை மறந்துபோகும்.

அம்பாறைப் பக்கத்துப் பௌத்தத் தலங்களுக்கும் போக வேண்டும். தீகவாபித் தூபி, இராசகலை மலையில் மகிந்த தேரரையும் இட்டிய தேரரையும் பெயர்சொல்லும் பிராமிக் கல்வெட்டு ஆகியவை புத்தகத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் மிக வேறானவை. இவ்விடங்களில் சில இன்று காணிப் பிணக்குகளிலும் அரசியலிலும் சிக்கியுள்ளன. கல்வெட்டு என்ன சொல்கிறது, அதைக் கொண்டு யார் என்ன கோருகிறார் என்ற இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதிவையுங்கள். கல்வெட்டை மறுப்பதும் படிப்பாகாது. அதைக் காணி உறுதியாக வாசிப்பதும் படிப்பாகாது. பௌத்தம் என்றாலே சிங்களம் என்ற எண்ணத்தோடு போகிறவர், மணிமேகலையையும், உறையூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் பாளி ஆசிரியர் புத்ததத்தரையும், வீரசோழியம் செய்த புத்தமித்திரரையும் நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும்.

முதல் ஒப்படைக்குத் தலைப்புத் தேடுபவர், 'மூன்று சமயங்களில் இறைவன்' போன்றவற்றைத் தவிர்த்து, கையளவு பொருளொன்றை எடுப்பது நல்லது. நாட்காட்டியை எடுங்கள். சந்திர மாதங்கள் 12 சேர்ந்தாலும் சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும். 2023இல் அதி எசல போயா என்று மேலதிகமாக ஒரு போயா வந்ததும், பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதும், யூதர் 19 ஆண்டில் ஏழுமுறை அதார் மாதத்தை இரட்டிப்பதும் ஒரே குறையை ஈடுசெய்யும் வழிகள். அந்த மேலதிக மாதத்தில் எதைச் செய்யலாம், எதை ஒத்திவைப்பார்கள், தீர்மானிப்பவர் யார் என்று போனால் பத்துப் பக்கம் தானாக நிரம்பும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் சில அடிகளுக்குப் பொருள்காணப் புகுந்துதான் 1947இல் யாழ்நூலை வெளியிட்டார் என்பதைத் தலைப்புத் தேடும் எவருக்கும் நினைவூட்டுவேன்.

நூல்களுக்குப் பணம் தேட வேண்டியதில்லை. ஈழத்து வெளியீடுகள் நூலகம் இணையத்தளத்திலும், தமிழ் மூலங்கள் மதுரைத் திட்டத்திலும், பாளிச் சூத்திரங்கள் சுத்தசென்ட்ரலிலும், தனாக்கும் தல்மூத்தும் செபாரியாவிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னிரண்டிலும் மூலத்தின் பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. விரிவுரைகள் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் ஒன்றையாவது செய்யுங்கள்: மங்கல சூத்திரத்தைச் சுத்தசென்ட்ரலிலிருந்து ஒரு தாளில் எழுதி எடுத்து, அடுத்த போயா இரவில் விகாரையின் ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில் அமர்ந்து, 'ஏவம் மே சுதம்' என்று பிக்கு தொடங்கும் இடத்திலிருந்து விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டு போங்கள். எந்த வரியில் விரல் தவறியதோ அந்த வரியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.